காலத்துக்கேற்ற அங்கியும் காலுக்கேற்ற சப்பாத்தும்



காலை ஏழரை மணிக்கு நம் நாட்டின் எந்தப் பட்டினத்துச் சந்தியில் நின்று பார்த்தாலும் ஒரே காட்சியைத்தான் காண்போம். பாடசாலைக்கு விரையும் ஆசிரியர், கந்தோருக்குச் செல்லும் எழுதுவினைஞர், பெட்டி நிறைய மீனுடன் கிராமத்துக்குப் புறப்படும் வியாபாரி ஆகிய எல்லோரும் மோட்டார் சைக்கிளிலேயே போகின்றனர். இலங்கையிற் பதிவு செய்யப்பட்ட மோட்டார் வாகனங்களுள் பாதிக்கு மேற்பட்டவை மோட்டார் சைக்கிள்களே. இவர்களைச் சிறிது உற்று நோக்குவோம். தலையிலே தலைக்கவசம் இருக்கிறது. சட்டம் அதனை வற்புறுத்துகிறது. தலைக்குக் கீழேயோ ஒரு மெல்லிய சேட்டு. காலிலே றப்பர்ச் செருப்பு. விழுந்தால் தலை தப்பலாம். தோலும் பாதமும் எவ்வாறு தப்பும்?

தலைக்கவசத்தின் அருமையை உலகம் உணர்ந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. அரேபியாவிற் போர் புரிந்து புகழ்பெற்ற லோறன்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1935 ஆம் ஆண்டில் மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு உயிர் நீத்தார். அவருக்குச் சிகிச்சை செய்தவர்களுள் ஒருவரான ஹியூ கெயான்ஸ் என்னும் மூளைச் சத்திர வைத்தியர், அதன்பின் இராணுவத்தில் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்கு நேர்ந்த தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941 இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிளோட்டிகளுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. தலையைக் காக்கும் அறிவு இவ்வாறு சட்டமாக மாறியது. உடலையும் காலையும் காப்பது நம்முடைய சொந்தப் பொறுப்பாகவே இன்னும் இருந்து வருகிறது.

முதலில் விழுவோருக்கு என்ன நேர்கிறது என்பதைப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகம் நமக்குப் பெரிய வேகமாகத் தோன்றுவதில்லை. ஆயினும் அது வினாடிக்கு ஏறக்குறைய 14 மீற்றர். அவ்வேகத்தில் விழுந்த உடல் தார் வீதியிற் சறுக்கி நிற்பதற்கு ஏறத்தாழ 15 மீற்றர் தூரமும் இரண்டு வினாடி நேரமும் செல்லும். வீதியின் மேற்பரப்பு அந்த இரண்டு வினாடியும் ஓர் அரத்தைப்போல வேலை செய்கிறது. சாதாரணப் பருத்திச் சேட்டு தார் பட்டவுடனேயே கிழிந்துவிடும். நைலோன், பொலியெஸ்டர் ஆகிய மெல்லிய துணிகள் கிழிவதோடு நில்லாமல், உராய்வின் வெப்பத்தால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளவும் கூடும்.

இதனாலேதான் மோட்டார் சைக்கிள் மேலங்கிகள் எத்தனை வினாடி உராய்வைத் தாங்கும் என்று ஆய்வுகூடங்களில் அளக்கப்படுகின்றன. ஐரோப்பாவில் 2002 ஆம் ஆண்டில் வெளிவந்த நியமம், தோள், முழங்கை முதலிய முதலில் அடிபடும் இடங்கள் சோதனைப் பொறியில் நான்கு வினாடி தாங்கினால் முதலாம் நிலை, ஏழு வினாடி தாங்கினால் இரண்டாம் நிலை என்று வகுத்தது. 2020 இல் வந்த புதிய நியமத்தில் மூன்று 'ஏ', இரண்டு 'ஏ', ஓர் 'ஏ' எனத் தரங்கள் உள்ளன. 'ஏ' எழுத்துக்கள் கூடுதலாக இருந்தால் உறுதியும் கூடுதல் என்று கொள்க. மேலங்கியின் உட்புறத்தே தைக்கப்பட்டுள்ள சிறு துண்டில் இந்தக் குறியைத் தேடிப் பார்த்தே வாங்க வேண்டும். குறி எதுவும் இல்லாத அங்கி, பார்வைக்கு எவ்வளவு முரட்டுத்தனமாக இருந்தாலும், வெறும் அலங்கார உடையாக இருக்கலாம்.

"இந்த வெயிலிலே தடித்த மேலங்கியா?" என்று நேயர்கள் கேட்பது என் காதில் விழுகிறது. அந்தக் கேள்வி நியாயமானதே. குளிர்நாட்டில் ஓடுவோருக்கென்று செய்த கறுப்புத் தோலங்கியைச் சித்திரை மாதத்தில் யாழ்ப்பாணத்தில் அணிந்தவர் ஒரு நாள் அணிவார். மறுநாள் அது சுவரிலுள்ள ஆணியில் தொங்கும். ஆணியில் தொங்கும் கவசம் எவரையும் காத்ததில்லை. ஆகவே காலத்துக்கேற்ற உடையைத் தெரிவதென்பது வெறும் சௌகரியத்தைப் பற்றிய விஷயம் அன்று. உடை காலத்தோடு பொருந்தினால்தான் அதை நாள்தோறும் அணிவோம். நாள்தோறும் அணிந்தால்தான் விழும் நாளில் அது உடம்பில் இருக்கும். விழும் நாள் எது என்பதை முன்கூட்டி அறிந்தவர் எவருமில்லை.

நம் நாட்டுக்குக் குளிர்நாடுகளைப்போல நான்கு பருவங்கள் இல்லை. நமக்குள்ளவை வெயில், மழை, காற்று, மலைக்குளிர் என்பனவே. அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

முதலாவது வெயில். பங்குனி, சித்திரை மாதங்களிலும், வடக்கிலும் கிழக்கிலும் அதன்பின் வரும் வரட்சி மாதங்களிலும், உகந்தது வலைப்பின்னல் மேலங்கி. நெஞ்சிலும் முதுகிலும் காற்றுப் புகக்கூடிய வலைத்துணியும், தோளிலும் முழங்கையிலும் தடித்த நெசவும் அதன் உள்ளே காப்புத் தட்டுக்களும் அமைந்தது அது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது; அதற்குக் காற்று வேண்டும். ஆனால், காற்றின் வெப்பம் தோலின் வெப்பமாகிய ஏறக்குறைய 35 பாகை செல்சியஸைத் தாண்டினால், வேகமாக வீசும் காற்று உடலைச் சூடேற்றத் தொடங்கும். அத்தகைய நடுப்பகலில் மேலங்கியைக் கழற்றுவது தீர்வாகாது. உள்ளே அணியும் பெனியனை நனைத்து அணிந்து, அடிக்கடி நீர் அருந்தி, நிழலில் நின்று போவதே முறை. நிறத்திலும் கவனம் வேண்டும். வெளிர்நிறம் வெயிலை ஓரளவு திருப்பி அனுப்பும். எதிரே வரும் பஸ் சாரதியின் கண்ணுக்கும் விரைவில் தெரியும்.

இரண்டாவது மழை. வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேல் பருவமழை மேற்குக் கரையையும் மலைநாட்டின் மேற்குச் சரிவையும் நனைக்கிறது. மார்கழி முதல் மாசி வரை வடகீழ்ப் பருவமழை வடக்குக்கும் கிழக்குக்கும் உரியது. இடையே ஐப்பசி, கார்த்திகையில் நாடெங்கும் பெருமழை. மழைக்கென்று அங்கி தெரிபவர் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சில மேலங்கிகளில் நீர் புகாத படலம் உட்புறத்தே மாத்திரம் உண்டு. அவற்றின் வெளித்துணி நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். பின்பு காற்றுப் படும்போது உடலைக் குளிரச் செய்யும். காய இரண்டு நாளாகும். நம் நாட்டுத் திடீர் மழைக்கு, வலைப்பின்னல் மேலங்கியின் மேல் அணியத்தக்க, சற்றுப் பெரிய மழைச்சட்டையும் மழைக் காற்சட்டையுமே சிக்கனமான வழி. மழை விட்டதும் அவற்றைச் சுருட்டி ஆசனத்தின் பின்னே கட்டிவிடலாம்.

ஆனால், போர்வைபோலப் போர்த்தும் மழையங்கியை மோட்டார் சைக்கிளில் ஒருபோதும் அணியலாகாது. அதன் விளிம்பு காற்றிற் பறந்து சங்கிலியிலோ பின்சில்லிலோ அகப்பட்டால், அணிந்தவரை ஒரு நொடியில் வீதியில் இழுத்து வீழ்த்திவிடும். பின்னால் அமர்ந்து செல்லும் பெண்மணிகளின் சேலைத்தலைப்புக்கும் சால்வைக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அவற்றை முன்புறமாகக் கொணர்ந்து இடுப்பில் இறுகச் செருகிக்கொள்ளாமல் ஏறுதல் கூடாது.

மூன்றாவது காற்று. சோளகம் பலமாக வீசும் மாதங்களில் பண்ணைப் பாலத்தின் வழியாகத் தீவுப்பகுதிக்குச் சென்றவர்களும், ஆனையிறவு வெளியைக் கடந்தவர்களும் இதனை நன்கு அறிவர். இரு பக்கமும் மறைப்பில்லாத இடத்தில் பக்கக்காற்று வண்டியைத் தள்ளுகிறது. அப்பொழுது அங்கி தொளதொளவென்று இருந்தால், அது பாய்மரம்போலக் காற்றை வாங்கி ஓட்டுபவரையும் சேர்த்துத் தள்ளும். ஆகவே இடுப்பிலும் மணிக்கட்டிலும் கழுத்திலும் இறுக்கிக் கட்டும் பட்டிகள் உள்ள அங்கியையே தெரிய வேண்டும். அங்கி உடலோடு பொருந்தியிருப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. முழங்கைக் காப்புத் தட்டு முழங்கையிலேயே நிற்கும். தொளதொளத்த கையில் அது விழும்போது விலகிவிடும். பின்பு இருந்தும் பயனில்லை. கடையில் அங்கியை நின்றபடி அணிந்து பார்த்தல் போதாது. வண்டியில் அமர்ந்து கைபிடியைப் பற்றுவதுபோலக் கைகளை நீட்டிப் பார்க்க வேண்டும். அப்பொழுது மணிக்கட்டு வெளியே தெரிந்தால், அந்த அங்கி உங்களுக்கு உரியதன்று.

நான்காவது மலைக்குளிர். கண்டியிலிருந்து கம்பளை, புசல்லாவை, றம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுபவர், இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் ஒரு பருவத்திலிருந்து மற்றொரு பருவத்துக்குள் புகுந்துவிடுகிறார். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஒவ்வோர் ஆயிரம் மீற்றருக்கும் வெப்பம் ஏறத்தாழ ஆறரைப் பாகை குறைந்து செல்லும். 10 பாகைக் குளிரில் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவரின் திறந்த தோலுக்கு அது 5 பாகைபோல உறைக்கும். விரல் விறைத்தால் பிறேக்கைப் பிடிக்கும் கை தாமதிக்கும். வளைவு நிறைந்த மலைப்பாதையில் அந்தத் தாமதமே விபத்தாகும். இதற்கென்று தனியாக ஒரு குளிர்நாட்டு அங்கி வாங்க வேண்டியதில்லை. வலைப்பின்னல் மேலங்கியின் உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, அதற்கு மேலே முன்சொன்ன மழைச்சட்டை, கைக்கு உறை. கம்பளி சூட்டைப் பிடித்து வைக்கும். மழைச்சட்டை காற்றைத் தடுக்கும். "தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்" என்னும் நம் முன்னோர் மொழி, விடியற்காலையிற் புறப்படுவோருக்கு வன்னிப் பெருவெளியிலும் உண்மையே.

இனிச் சப்பாத்துக்கு வருவோம். வண்டி சரியும்போது முதலில் அதன் கீழே அகப்படுவது பாதமும் கணுக்காலும். செருப்போ அந்த நேரத்திற் காலில் நிற்பதேயில்லை. 2011 ஆம் ஆண்டில் வெளியான ஓர் அவுஸ்திரேலிய ஆய்வு, விபத்துக்குள்ளான 212 மோட்டார் சைக்கிளோட்டிகளை ஆராய்ந்தது. மோட்டார் சைக்கிளுக்குரிய மேலங்கி அணிந்தவர்கள் வைத்தியசாலையில் அனுமதிக்கப்படும் வாய்ப்பு ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தது. கையுறை அணிந்தவர்களுக்கு அது பாதிக்கும் கீழே. சப்பாத்தைப் பற்றிய முடிவு நமக்கு மிகவும் பயனுள்ளது. மோட்டார் சைக்கிளுக்கென்று செய்யப்படாத சாதாரண நெடுஞ்சப்பாத்து, அதாவது பூட்ஸ், அணிந்தவர்களுக்குங்கூடப் பாதக்காயம் ஏற்படும் வாய்ப்பு, தாழ்ந்த சப்பாத்து அணிந்தவர்களோடு ஒப்பிட, பாதிக்கும் குறைவாக இருந்தது. அதே ஆய்வில், பத்து மேலங்கிகளில் ஏறக்குறைய மூன்று விபத்தின்போது கிழிந்து பழுதடைந்தமையும் தெரியவந்தது. ஆகவே தையலையும் துணியையும் பாராமல் வாங்குதல் தகாது.

நல்ல சப்பாத்து கணுக்காலுக்கு மேலே மூட வேண்டும். இரு கைகளாலும் அடியைப் பிடித்து முறுக்கினால் எளிதில் முறுகலாகாது. விரல் நுனியும் குதியும் கடினமாக இருத்தல் வேண்டும். அடிப்பாகம் நனைந்த தாரிலும் மணலிலும் வழுக்காத வெட்டுக்கள் உடையதாக வேண்டும். நாடா இருப்பின் அதன் நுனியை உள்ளே செருகுக. அது கியர் மிதியிற் சிக்கினால், வண்டியை நிறுத்தும் நேரத்திற் கால் நிலத்துக்கு வராது. வெயிற் காலத்துக்குக் காற்றுத் துளையுள்ள சப்பாத்தும் பருத்திக் காலுறையும் போதும். மழைக்காலத்தில் மழைக் காற்சட்டையின் கால் சப்பாத்துக்கு வெளியே தொங்க வேண்டும். உள்ளே செருகினால் நீர் நேரே பாதத்துக்கு இறங்கும். நனைந்த சப்பாத்தினுள் பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலிற் காயவிடுக. அடுப்பருகில் வைத்தால் தோல் வெடிக்கும். சப்பாத்து வாங்குவதற்கு மாலை நேரமே நல்லது. பகலெல்லாம் நடந்த பாதம் அப்பொழுது சற்று வீங்கியிருக்கும். பின்னால் அமரும் பிள்ளைகளின் காலுக்கும் மூடிய சப்பாத்து வேண்டும். சூடேறிய சைலென்சர் சுட்ட தழும்பு எத்தனை பிள்ளைகளின் காலில் இருக்கிறது என்பதைத் தாய்மார் அறிவர்.

இவை எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்கும் வசதி நம்மிற் பலருக்கு இல்லை என்பதை நான் மறக்கவில்லை. அவ்வாறாயின் ஓர் ஒழுங்கை மேற்கொள்ளலாம். முதல் மாதம் செருப்பை நீக்கிக் கணுக்காலை மூடும் சப்பாத்து. அடுத்து ஒரு சோடி கையுறை. பணம் சேர்ந்ததும் தரக்குறியுள்ள வலைப்பின்னல் மேலங்கி ஒன்று. மழைச்சட்டை பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். பழைய அங்கி வாங்குவதாயின் தோளிலும் முழங்கையிலும் தையல் இரட்டை வரியாக உள்ளதா, நூல் உக்காமல் இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்து வாங்குக.

எந்த உடையும் விபத்தைத் தடுத்துவிடாது. பெருவேகத்தில் மோதியவரின் எலும்பை மேலங்கி காப்பாற்றும் என்று சொல்லவும் முடியாது. நிதானமே முதற் கவசம். ஆயினும் வழுக்கி விழும் சிறு விபத்து, ஒரு கீறலோடு போவதா, மூன்று மாதம் வேலைக்குச் செல்லாமற் கிடப்பதா என்பதை உடை தீர்மானிக்கலாம். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அந்த மூன்று மாதம் என்னவென்று நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

வெயிலும் மழையும் மாறி மாறி வரும். வீதியின் கடினம் எக்காலத்திலும் மாறுவதில்லை. அதனை நினைவில் வைத்து, நாளைக் காலை வண்டியை எடுக்குமுன் ஒருமுறை குனிந்து உங்கள் காலைப் பாருங்கள்.