வெடிப்பலா பூக்கும்போது வாருங்கள்

கேரளத்தின் சைலன்ட் வேலி தேசியப் பூங்காவுக்குள் போகும் வண்டியில் எல்லோரும் அண்ணாந்தே உட்கார்ந்திருப்பார்கள். முக்காலி சோதனைச் சாவடியிலிருந்து சைரந்திரி வரை 23 கிலோமீட்டர் காட்டுப் பாதை. இரு பக்கமும் மரங்கள் வானத்தை மூடி நிற்கும். ஒரு பிப்ரவரி காலையில் நானும் அப்படித்தான் அண்ணாந்திருந்தேன். அரை மணி நேரம் இலைகளைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

எங்களுடன் வந்த வழிகாட்டி அட்டப்பாடியைச் சேர்ந்த இருளர். ஒரு வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னார். “மேலயே பாத்துட்டு இருந்தா ஒண்ணும் தெரியாதுங்க. கீழ பாருங்க” என்றார்.

பாதை நெடுகப் பழுப்பு நிறத்தில் சின்னச் சின்னக் குழல்கள் உதிர்ந்து கிடந்தன. பார்த்தால் பூ என்றே தோன்றாது, இதழே இல்லை. அவர் இரண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒன்று முழுசாக இருந்தது. இன்னொன்றில் பாதியைக் காணோம். கடித்த இடம் ஈரமாக இருந்தது. “இது தானா விழுந்தது. இது கடிச்சுப் போட்டது. இன்னும் காயலைங்க” என்றார். வண்டியின் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். சில நிமிடங்களில் நேர் மேலே ஒரு கிளை அசைந்தது. இலைகளுக்கிடையே ஒரு வால் தொங்கியது. அதன் நுனியில் சிங்கத்துக்கு இருப்பதுபோல ஒரு குஞ்சம்.

மழைக்காட்டில் விலங்கு பார்க்கப் போகிறவர்களுக்கு நான் கற்ற முதல் பாடம் இது. விலங்கைத் தேடுவதற்கு முன்னால் அது உண்ணும் மரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதுமலையிலோ பந்திப்பூரிலோ பழகிய கண்ணுக்கு இந்தக் காடு ஏமாற்றமாக இருக்கலாம். அவை பெரும்பாலும் இலையுதிர் காடுகள். கோடையில் இலை கொட்டிவிடும், வெயில் தரைக்கு வரும், புல் முளைக்கும். புல் இருக்கும் இடத்தில் புள்ளிமான் கூட்டமாக மேயும், காட்டெருமை நிற்கும். சாலையோரத்திலேயே பார்த்துவிடலாம். மழைக்காடு அப்படியல்ல. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இந்தப் பள்ளத்தாக்கில் மரங்கள் எப்போதும் பச்சையாகவே நிற்கின்றன. முப்பது, நாற்பது மீட்டர் உயரத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு ஒரு விதானம் போடுகின்றன. அதன் அடியில் நடுத்தர மரங்கள், அதற்கும் கீழே நிழல் பழகிய செடிகள். உச்சியில் விழும் வெளிச்சத்தில் நூற்றில் ஓரிரு பங்குதான் தரையைத் தொடுகிறது. தரையில் புல் இல்லை, அதனால் மேய்வதற்கு அதிகம் இல்லை. பூ, பழம், தளிர், பூச்சி என்று உண்ணத் தகுந்தவற்றில் பெரும்பகுதி மேலே இருக்கிறது. விலங்குகளும் மேலே இருக்கின்றன.

அப்படி மேலேயே வாழ்ந்து தீர்ப்பதற்கென்று ஆனது போன்ற விலங்குதான் சிங்கவால் குரங்கு. தமிழில் இதைச் சோலைமந்தி என்றும் சொல்கிறார்கள். உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்கிறது. அதுவும் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம் ஆகிய மூன்று மாநிலங்களின் மழைக்காடுகளில் மட்டும். உடல் முழுக்க மினுமினுக்கும் கறுப்பு. முகத்தைச் சுற்றி வெள்ளிச் சாம்பல் நிறத்தில் பிடரி மயிர். நம் ஊர்க் கோயில்களில் பார்க்கும் குரங்கின் பேரினத்தைச் சேர்ந்ததுதான், ஆனால் ஊர்ப்பக்கம் வருவது இதன் இயல்பில் இல்லை. வளர்ந்த ஆண் 5 முதல் 10 கிலோ வரை இருக்கும். பெண் அதைவிடச் சிறியது.

புதிதாகப் பார்ப்பவர்கள் இதைக் கருமந்தியோடு குழப்பிக்கொள்வார்கள். அதே காட்டில், அதே மரத்தில் இரண்டையும் பார்க்கலாம். அடையாளம் சொல்வது எளிது. கருமந்தியின் தலைமயிர் பொன்பழுப்பு. வால் உடலைவிட நீளம், குஞ்சம் கிடையாது. அது முக்கியமாக இலை தின்னும் குரங்கு. வயிறு நிறைந்ததும் நீண்ட நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கும். சோலைமந்தியின் வால் குட்டை, நுனியில் குஞ்சம். அது பழமும் விதையும் பூச்சியும் தேடுவதால் ஓரிடத்தில் நிற்காது. பட்டையைப் பிய்த்துப் பார்க்கும், காய்ந்த இலைச் சுருளைப் பிரித்துப் பார்க்கும், பாசிக்குள் விரலை விடும். மரத்தவளையும் பல்லியும் கிடைத்தாலும் விடாது. கிடைத்ததை உடனே தின்று முடிக்க வேண்டியதில்லை; கன்னத்துக்குள் இருக்கும் பையில் அடக்கிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

பெரும்பாலும் பத்து முதல் இருபது வரையிலான கூட்டம். பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடுகின்றன. ஆண்கள் வளர்ந்ததும் வெளியேறுகின்றன. பொதுவாக ஒரு கூட்டத்துக்கு ஒரு வளர்ந்த ஆண் இருக்கும். அது உச்சியிலிருந்து எழுப்பும் உரத்த கூவல் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். பக்கத்துக் கூட்டத்துக்கு அதில் செய்தி இருக்கிறது: நாங்கள் இங்கே மேய்கிறோம். தங்களுக்குள் மெல்லிய குரலில் கூவிக்கொண்டு இலைமறைவிலும் பிரியாமல் நகர்கின்றன. கண்ணுக்குத் தெரியாத விலங்கைக் காதால் பின்தொடர இந்தக் குரல்கள்தான் துணை.

இப்போது பூவுக்கு வருவோம். பாதையில் உதிர்ந்து கிடந்தது வெடிப்பலாவின் பூ. துரியன் பழத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள்; வெடிப்பலா அதற்கு நெருங்கிய உறவு. சைலன்ட் வேலி மேட்டுநிலத்தின் பெரிய மரங்களில் இது முக்கியமான ஒன்று. இலையின் அடிப்பக்கம் செம்பு நிறத்தில் பளபளக்கும். காற்றடிக்கும்போது தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். பூக்கள் கிளை நுனியில் வருவதில்லை. முற்றிய கிளைகளின் பட்டையிலிருந்தே கொத்துக்கொத்தாக வெடித்து வருகின்றன. ஒரு குரங்கு வசதியாக உட்கார்ந்து தின்பதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது.

ஆண்டின் தொடக்க மாதங்களில் காட்டில் பழம் குறைவு. மழை விட்டு நாளாகியிருக்கும். அடுத்த மழைக்கு நாள் இருக்கும். அந்த இடைவெளியில் வெடிப்பலா பூக்கிறது. சதைப்பற்றுள்ள குழல், உள்ளே தேன். களக்காடு முண்டந்துறைக் காட்டில் இந்த மரத்தை இரவும் பகலும் கவனித்த சூழலியலாளர்கள், அதற்கு வரும் விருந்தாளிகளின் வரிசையைப் பதிவு செய்திருக்கிறார்கள். பகலில் சோலைமந்தி, கருமந்தி, மலையணில். இரவில் வௌவால், பறக்கும் அணில், மரநாய். பசித்த காலத்தில் காட்டின் பொதுப் பந்தி இந்த ஒரு மரத்தில்தான் நடக்கிறது. குரங்கு நூறு பூவைக் கடித்துத் துப்பினாலும் முகத்தில் ஒட்டிய மகரந்தத்தோடுதான் அடுத்த மரத்துக்குத் தாவுகிறது. மரத்துக்கும் அதில் லாபம் உண்டு.

பூ முடிந்ததும் காய். பலாவைச் சின்னதாக்கி முள்ளைக் கூராக்கியது போல இருக்கும். முற்றினால் வெடித்துத் திறக்கும். பெயர் வந்த காரணம் அது. துரியனில் விதையைச் சுற்றித் தின்னத் தகுந்த சதை இருக்கிறது. வெடிப்பலாவில் அந்தச் சதை இல்லை, விதைதான் உணவு. கை கிழிக்கும் முள்ளைப் பொருட்படுத்தாமல் பிஞ்சாக இருக்கும்போதே காயைப் பிளந்து விதையை எடுக்கச் சோலைமந்திக்குத் தெரியும். ஆக பூவிலும் காயிலுமாக ஒரே மரம் அதற்குப் பல மாதங்கள் சோறு போடுகிறது. வெடிப்பலா நிறைந்த காடு எது என்று தெரிந்தால் சோலைமந்தி எங்கே இருக்கும் என்று பாதி தெரிந்துவிட்டது.

ஆனால் மரம் இருந்தால் மட்டும் போதாது. மரத்திலிருந்து மரத்துக்கு வழி இருக்க வேண்டும். ஒரு கூட்டம் ஆண்டு முழுக்கச் சாப்பிடச் சில சதுர கிலோமீட்டர் காட்டைச் சுற்றுகிறது. அந்தச் சுற்று முழுவதும் விதானத்தின் மேலேயே நடக்கிறது. நடுவில் ஒரு சாலையோ தோட்டமோ வந்தால் வழி அறுந்துவிடும். இழப்பை ஈடுகட்டும் வேகமும் இதற்குக் கிடையாது. ஆறு, ஏழு வயதுக்குப் பிறகே பெண் முதல் குட்டி போடுகிறது. ஒரு தடவைக்கு ஒரு குட்டி. அடுத்ததற்கு இரண்டரை, மூன்று ஆண்டு ஆகும். இன்று காட்டில் மிஞ்சியிருக்கும் வளர்ந்த சோலைமந்திகள் 2,500க்கும் குறைவு என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் கணக்கிட்டு, அழியும் ஆபத்தில் உள்ள இனம் என்று வகைப்படுத்தியிருக்கிறது.

வழி அறுந்தால் என்ன ஆகும் என்பதை வால்பாறையில் பார்க்கலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆனைமலையின் மேட்டுநிலக் காடு தேயிலைக்கும் காப்பிக்கும் வெட்டப்பட்டது. தோட்டங்களுக்கு நடுவே தீவு தீவாகச் சோலைகள் எஞ்சின. புதுத்தோட்டம் சோலையில் மாட்டிக்கொண்ட கூட்டம் பெரிதாகிக்கொண்டே போய், தரைக்கு இறங்கியது. சாலையில் நடக்கிறது, கூரையில் ஏறுகிறது, குப்பையைக் கிளறுகிறது, வண்டியில் அடிபடுகிறது. மரத்துக்கு மரம் போகும் வழியை மனிதரே திருப்பிக் கட்டித்தர வேண்டியதாயிற்று. அங்கே சாலைக்கு மேல் தொங்கும் பாலங்களில் அவை நடப்பதைப் பார்க்கிறவர்கள் மகிழ்கிறார்கள். எனக்கு அந்தக் காட்சி மகிழ்ச்சியும் வலியும் சேர்ந்தது. அந்தப் பாலம் தேவைப்படாத காடு எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் சைலன்ட் வேலிக்கு வர வேண்டும்.

இந்தக் காடும் தப்பிப் பிழைத்ததுதான். குந்திப்புழை ஆறு பள்ளத்தாக்கின் நடுவே தெற்கு நோக்கி ஓடுகிறது. சைரந்திரியில் அதன் குறுக்கே மின்சாரத்துக்காக ஓர் அணை கட்டும் திட்டத்துக்கு 1973இல் திட்டக்குழு ஒப்புதல் அளித்தது. அணை வந்தால் ஆற்றோரக் காடு நீருக்குள் போகும். மக்கள் அறிவியல் இயக்கமான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் இதைப் பொதுமக்கள் விவாதமாக ஆக்கியது. கவிஞர் சுகதகுமாரி உள்ளிட்ட எழுத்தாளர்கள் திரண்டார்கள். பறவையியலாளர் சலீம் அலி குரல் கொடுத்தார். ஒரு குரங்குக்காக மின்சாரத்தை விடுவதா என்ற கேள்வி அன்று உரக்கவே கேட்கப்பட்டது. சோலைமந்தியின் முகம்தான் அந்தப் போராட்டத்தின் முகமாயிற்று. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1985 செப்டம்பரில் பிரதமர் ராஜீவ் காந்தி அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். நம் பக்கத்திலும் இதே குரங்குக்காக ஒரு காடு காக்கப்பட்டிருக்கிறது: 1976இல் களக்காடு சரணாலயம் ஆனதற்கு முக்கியக் காரணம் சோலைமந்தி.

போக விரும்புகிறவர்களுக்குச் சில சொற்கள். கோவையிலிருந்து ஆனைகட்டி, அகளி வழியாக முக்காலிக்கு வரலாம். சொந்த வண்டியை உள்ளே விடமாட்டார்கள்; வனத்துறை அனுமதிக்கும் வண்டியில் வழிகாட்டியோடுதான் போக வேண்டும். இடம் குறைவு என்பதால் முன்பதிவு அவசியம். முதல் நடை வண்டியைப் பிடியுங்கள். வெயில் ஏறினால் விலங்குகள் அடங்கிவிடும். மழைக்காலத்தில் காட்டின் அழகு பெரிது, ஆனால் அட்டை காலைச் சூழ்ந்துகொள்ளும்; முழங்கால் வரை வரும் அட்டை உறை போட்டுக்கொள்ளுங்கள். கண்ணைப் பறிக்கும் நிறத்தில் உடை வேண்டாம். பைனாகுலர் ஒன்று இருந்தால் நல்லது. எந்தக் குரங்குக்கும் ஒரு துண்டு பிஸ்கட்கூடக் கொடுக்காதீர்கள். வால்பாறைக் குரங்குகள் சாலைக்குப் பழகியதில் மனிதர் வீசும் தீனிக்கும் பங்கு உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், வழிகாட்டியிடம் கேளுங்கள். புலி எங்கே என்று வேண்டாம். இப்போது எந்த மரம் பூத்திருக்கிறது, எது காய்த்திருக்கிறது என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு அவர்களிடம் இருக்கும் பதில் எந்தக் கையேட்டிலும் இல்லை.

சைரந்திரியில் காட்சிக் கோபுரம் ஏறினோம். பள்ளத்தாக்கு முழுக்க இடைவெளியே இல்லாத ஒரே பச்சை, நடுநடுவே காற்றில் செம்பாகத் திரும்பும் வெடிப்பலா இலைகள். கீழே ஆற்றின் ஓசை. அணை எழுந்திருக்க வேண்டிய இடம் அதுதான் என்று வழிகாட்டி கை நீட்டினார்.

திரும்பும் வழியில் அதே வளைவில் ஓட்டுநர் தானாகவே நிறுத்தினார். கூட்டம் இன்னும் அங்கேதான் இருந்தது. பாதையைக் கடக்கத் தயாராகிக்கொண்டிருந்தது. பாதைக்கு மேலே இரு பக்கத்து மரங்களின் கிளைகள் ஓரிடத்தில் தொட்டுக்கொண்டிருந்தன. முதலில் பெரிய ஆண் தாண்டியது. பிறகு ஒவ்வொன்றாக. கடைசியில் வயிற்றைக் கட்டிக்கொண்ட குட்டியோடு ஒரு தாய் கிளை நுனி வரை வந்து, கொஞ்சம் நின்று, கையை நீட்டி அந்தப் பக்கத்துக் கிளையை இழுத்துப் பிடித்துக் கடந்தது. பதினொன்று எண்ணினேன். ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை.