ஒரே நட்சத்திரம், நான்கு பதவிகள்: பழைய ஜெர்மன் தோள்பட்டிகளை இனங்காணும் முறை

ஜெர்மன் ராணுவச் சீருடையில் ஒருவருடைய பதவியைத் தெளிவாகக் காட்டுவது தோள்பட்டி. ஒரு முனை கையும் தோளும் சேரும் தையலில் பொருந்தியிருக்கும். மறுமுனை கழுத்தருகே பொத்தானில் மாட்டியிருக்கும். பழம்பொருள் சந்தைக்கு வரும் தோள்பட்டிகளில் பல, சட்டையிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனித்துண்டாகவே வருகின்றன. அணிந்தவரின் பெயரோ ஊரோ அதில் இராது. வடிவம், நட்சத்திரம், நிறம், எழுத்து, துணி ஆகிய ஐந்தும்தான் சாட்சி. இந்த வரிசை மாறினால் முடிவும் மாறிவிடும். புதிதாகச் சேகரிப்பவர் எடுத்த எடுப்பில் நட்சத்திரத்தை எண்ணுவதுதான் வழக்கமான பிழை.

முதலில் வடிவம்

ஜெர்மானியர் தோள்பட்டிகளை இரண்டு பெயர்களால் பிரிக்கின்றனர். சாதாரணப் படைவீரரும் கீழ்நிலை அதிகாரிகளும் அணிந்த தட்டையான துணிப்பட்டி ‘ஷுல்ட்டர்கிளாப்பெ’. அதிகாரிகள் அணிந்த, சரிகைக் கயிறு வைத்துத் தைத்த பட்டி ‘ஷுல்ட்டர்ஷ்டுக்’.

1935 முதல் 1945 வரை இருந்த நாஜி ஜெர்மனியின் ராணுவமான வெர்மாக்டின் தரைப்படையை எடுத்துக்கொண்டால், வெறும் துணிப்பட்டி படைவீரருடையது. அதன் ஓரத்தில் அலுமினியச் சரிகை ஓடினால் கீழ்நிலை அதிகாரி. சரிகை தோள்முனையில் மட்டும் விடுபட்டிருந்தால் ‘உன்டர்ஆஃபிட்சியர்’. நான்கு பக்கமும் சுற்றியிருந்தால் அதற்கு மேற்பட்ட பதவி. வெள்ளிக் கயிறுகள் பின்னாமல் பக்கம் பக்கமாக நீண்டு, பொத்தான் துளையைச் சுற்றி வளைந்திருந்தால் லெப்டினன்ட் முதல் கேப்டன் வரை. அதே வெள்ளிக் கயிறு ஜடை போலப் பின்னியிருந்தால் மேஜர் முதல் கர்னல் வரை. இரண்டு தங்கநிறக் கயிறுகளுக்கு நடுவே ஒரு வெள்ளிக் கயிறு சேர்த்து, பளிச்சென்ற சிவப்புத் துணிமேல் பின்னியிருந்தால் அது ஜெனரலுடையது.

பிறகு நட்சத்திரம்

நான்கு முனை கொண்ட சிறு உலோக நட்சத்திரம், தான் அமர்ந்த இடத்தைப் பொறுத்தே பொருள் தருகிறது. சரிகை சுற்றிய பட்டியில் ஒரு வெள்ளி நட்சத்திரம் என்றால் ‘ஃபெல்ட்வேபல்’. நேர்க்கயிற்றின்மேல் ஒரு தங்கநிற நட்சத்திரம் என்றால் லெப்டினன்டுக்கு அடுத்த ‘ஓபர்லாய்ட்னன்ட்’. வெள்ளிப் பின்னலின்மேல் இருந்தால் லெப்டினன்ட் கர்னல். தங்கமும் வெள்ளியும் கலந்த பின்னலின்மேல் ஒரு வெள்ளி நட்சத்திரம் இருந்தால் லெப்டினன்ட் ஜெனரல். அதிகாரிகளின் ஒவ்வொரு பிரிவிலும் முதல் பதவிக்கு நட்சத்திரமே இல்லை: லெப்டினன்ட், மேஜர், மேஜர் ஜெனரல் மூவருக்கும் பட்டி வெறுமையாக இருக்கும். ஆகவே நட்சத்திரம் இல்லாத பட்டியைக் குறைபட்டது என்று ஒதுக்கக் கூடாது. ஃபீல்டு மார்ஷலுக்கு நட்சத்திரத்தின் இடத்தில் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்கள்.

நிறம் சொல்லும் பிரிவு

துணிப்பட்டியில் ஓரத்துப் பைப்பிங்கின் நிறமும், அதிகாரிப் பட்டியில் கயிற்றுக்கு அடியில் தெரியும் துணியின் நிறமும் படைப்பிரிவைக் குறிக்கும். இதற்கு ‘வாஃபன்ஃபார்பெ’ என்று பெயர். தரைப்படையில் காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப்படைக்குச் சிவப்பு, டாங்கிப்படைக்கு இளஞ்சிவப்பு, குதிரைப்படைக்குப் பொன்மஞ்சள், பொறியியல் படைக்குக் கறுப்பு, தகவல்தொடர்புப் படைக்கு எலுமிச்சை மஞ்சள், மலைப்படைக்கு இளம்பச்சை, மருத்துவப் பிரிவுக்கு அடர்நீலம்.

நிறத்தை மட்டும் நம்பவும் முடியாது. விமானப்படையில் பொன்மஞ்சள் விமானிகளையும் பாராசூட் வீரர்களையும் குறித்தது. சிவப்பு விமான எதிர்ப்புப் பீரங்கிகளையும், பழுப்பு தகவல்தொடர்பையும் குறித்தன. படைவீரர் பட்டி நீலச்சாம்பல் துணியில் இருந்தால் விமானப்படை என்று புரிந்துவிடும். அதிகாரிப் பட்டியில் சீருடைத் துணி தெரியாது என்பதால் தடுமாற்றம் அங்கேதான் மிகுதி. கயிற்றுக்கு அடியில் பிரிவு நிறமும், அதற்கும் கீழே கறுப்புத் துணியும் இருந்தால் அது நாஜிக் கட்சியின் எஸ்.எஸ். அமைப்புக்குரிய போர்ப்படையான வாஃபன் எஸ்.எஸ். அதிகாரியுடையதாக இருக்கலாம். கீழ்த்துணி கரும்பச்சையாக இருந்தால் ராணுவத்தின் நிர்வாக அலுவலர்.

எண்ணும் எழுத்தும்

ரெஜிமென்ட் எண்கள் படைவீரர் பட்டியில் பிரிவு நிறத்து நூலால் தைக்கப்பட்டன. கீழ்நிலை அதிகாரிகளில் மூத்தவர்களுக்கு வெள்ளை உலோகத்திலும், அதிகாரிகளுக்குத் தங்கநிற உலோகத்திலும் பொருத்தப்பட்டன. எண்ணுடன் பழைய கோதிக் எழுத்து வரும்போது பிரிவு இன்னும் துலங்கும்: ‘ஏ’ உளவுப் பிரிவு, ‘பி’ டாங்கி எதிர்ப்புப் பிரிவு. பாம்பு சுற்றிய கோல் மருத்துவரையும், கோல் இல்லாத பாம்பு கால்நடை மருத்துவரையும் குறித்தன. 1939-இல் போர் தொடங்கியதும் எந்தப் படை எங்கே நிற்கிறது என்பது எதிரிக்குத் தெரியாமலிருக்க எண்கள் மறைக்கப்பட்டன, பின்னர் அகற்றப்பட்டன. போர்க்காலப் பட்டிகள் பல எண்ணின்றி இருப்பதன் காரணம் இதுவே.

காலத்தைக் கணித்தல்

மூன்று காலங்களைப் பிரித்தறிவது அவசியம். 1918 வரையிலான பேரரசுக் காலத்தில் பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க் ஆகியவை தனித்தனிப் படைகள் வைத்திருந்தன. அதிகாரிகளின் வெள்ளிக் கயிற்றில் அந்தந்த நாட்டின் நிறம் இழையோடும்: பிரஷ்யாவுக்குக் கறுப்பு, பவேரியாவுக்கு நீலம், சாக்சனிக்குப் பச்சை. வெர்மாக்ட் தரைப்படை அதிகாரிகளின் கயிற்றில் இந்த இழை இல்லை. பேரரசுக் காலத்தில் கீழ்நிலை அதிகாரிகளின் பதவி பெரும்பாலும் காலர், கைமடிப்புச் சரிகையில் தெரிந்தது. தோள்பட்டி ரெஜிமென்ட்டைச் சொன்னது. மன்னர் பெயர் தாங்கிய ரெஜிமென்ட்டுகளில் எண்ணுக்குப் பதில் மகுடமும் மன்னரின் பெயரெழுத்தும் இருந்தன.

வெர்மாக்ட் படைவீரர் பட்டிகளில் முனை கூரானவை முந்தியவை. 1938-க்குப் பின் முனை வட்டமானது, பைப்பிங்கும் சேர்ந்தது. அடித்துணி கரும்பச்சை என்றால் போருக்கு முந்தைய பாணி. 1940 முதல் சட்டைக்குரிய அதே சாம்பல்பச்சைத் துணி பயன்பட்டது.

அதிகம் ஏமாற்றுவது மூன்றாவது வகை. 1956-இல் உருவாகி 1990-இல் கலைக்கப்பட்ட கிழக்கு ஜெர்மனியின் தேசிய மக்கள் ராணுவம் பழைய பின்னலையும் சரிகையையும் அப்படியே தொடர்ந்தது. ஆனால் அங்கே லெப்டினன்டுக்குக் கீழே ‘உன்டர்லாய்ட்னன்ட்’ என்ற பதவி இருந்தது. அதற்கு ஒரு நட்சத்திரம், லெப்டினன்டுக்கு இரண்டு, கேப்டனுக்கு நான்கு. நேர்க்கயிற்றில் மூன்று அல்லது நான்கு நட்சத்திரங்கள் இருந்தால் அது வெர்மாக்ட் பட்டியாக இருக்க முடியாது. படைவீரர் பட்டியின் குறுக்கே சரிகைக் கோடு வந்தால் அது பெரும்பாலும் கிழக்கு ஜெர்மனியின் ‘கெஃப்ரைட்டர்’ பதவி. வெர்மாக்டில் அப்பதவியின் சின்னம் சட்டையின் கையில் இருந்தது.

அசலும் போலியும்

எஸ்.எஸ். பட்டிகளும் புகழ்பெற்ற படைகளின் எழுத்துள்ள பட்டிகளும் விலை கூடியவை. போலிகளும் அவற்றில்தான் அதிகம். அசலான வெறும் பட்டியில் பிற்காலத்தில் எழுத்தைப் பொருத்தி விற்பதும் உண்டு. நீண்டகாலம் இருந்த உலோக எழுத்துக்கு அடியில் துணி வெளுக்காமல் அதன் வடிவம் நிழலாகத் தெரியும்; பின்புறம் கொக்கிகள் பதிந்த தடம் இருக்கும். இரண்டும் இல்லாவிட்டால் எழுத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

புற ஊதா விளக்கில் நூல் நீலவெண்மையாக ஒளிர்ந்தால், போருக்குப் பின் பரவலான செயற்கை இழையோ வெளுப்பூட்டியோ இருக்கலாம். பழைய துணியை இக்காலச் சோப்புத்தூளில் துவைத்தாலும் ஒளிரும் என்பதால் இந்தச் சோதனை மட்டும் போதாது. ஜோடியாக வந்தால் இரண்டின் தேய்மானமும் மங்கலும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவதைக் குற்றவியல் சட்டத்தின் 86ஏ பிரிவு தடுக்கிறது. தரைப்படைத் தோள்பட்டிகளில் சுவஸ்திகா இல்லை. ஆனால் அவற்றோடு சேர்ந்து விற்பனைக்கு வரும் மற்றச் சின்னங்களுக்கு இந்தத் தடை பொருந்தும்.

வாங்கிய பட்டியைத் துவைப்பதும் கயிற்றை மெருகேற்றுவதும் அதன் சாட்சியங்களை அழித்துவிடும். அமிலமற்ற காகிதத்தில் சுற்றி, பூச்சி அண்டாத உலர்ந்த பெட்டியில், வெயில் படாமல் வைத்தால் போதும்.