மைக்செட்டும் மீட்டரும்

தென்காசிப் பக்கம் அம்மன் கோயில் கொடைவிழா என்றால் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் வருவதற்கு முன்பே மைக்செட் வந்துவிடும். ஒரு காலத்தில் தென்னை மரத்தில் கட்டிய குழாய் ரேடியோ பக்கத்து ஊருக்கும் சேர்த்துப் பாடியது. இப்போது ஆளுயரப் பெட்டிகள். குழாய் காதைக் குத்தியது என்றால், பெட்டி நெஞ்சை உலுக்குகிறது. அடுக்களையில் எவர்சில்வர் தட்டு கிணுகிணுக்க, தூக்கம் தொலைத்தவர் செல்போன் செயலியைத் திறந்து அளக்கிறார். திரையில் 52 டெசிபல். இவ்வளவுதானா?

அந்த எண்ணில் பேஸ் சத்தத்தின் பெரும்பகுதி சேரவில்லை. சட்டம் கேட்பது ‘டெசிபல் ஏ’ அளவு. நம் காது அடித்தொனியை மந்தமாகவே கேட்கும் என்பதால், இந்த அளவுமுறையும் அதைக் கழித்துக்கொள்கிறது. 1000 ஹெர்ட்ஸில் கழிவு இல்லை. 100 ஹெர்ட்ஸில் 19 டெசிபல், 50 ஹெர்ட்ஸில் 30 டெசிபல் கழியும். 50 ஹெர்ட்ஸில் 80 டெசிபலாக அதிரும் பேஸ், தாளில் 50 என்று பதிவாகும். ‘சி’ அளவுக்கு மாற்றினால் அதே சத்தம் 79 காட்டும். ஏ-க்கும் சி-க்கும் இடையே 15, 20 என்று இடைவெளி விழுந்தால் தொல்லை பேஸில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

அறையும் தன் பங்குக்கு விளையாடும். 12 அடி நீள அறையில், எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 47 ஹெர்ட்ஸ் அலை சரியாகப் பொருந்தி நிற்கும். வீசி வரும் ஊஞ்சலை வாகான நேரத்தில் தள்ளியதுபோல அந்தத் தொனி மட்டும் பெருகும். சுவரோரத்தில் உச்சம், அறை நடுவில் பள்ளம். கட்டிலின் தலைமாட்டில் ஒரு எண், நாலடி தள்ளி வேறொரு எண்; இரண்டும் 10 டெசிபலுக்கு மேல்கூட விலகலாம். ஆகவே படுக்கையறை எண்ணை மட்டும் நம்பிப் புகார் எழுதினால் எதிர்த்தரப்பு எளிதில் உடைத்துவிடும்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் அளவைப் பார்ப்பது வெளியில். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் ஏ. பொது இடத்தில் ஒலிபெருக்கி வைத்தால், அந்த இடத்தின் எல்லையில் இந்த வரம்பைவிட 10 கூடுதல் அல்லது 75, இரண்டில் எது குறைவோ அதுதான் உச்சம். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கி கூடாது. இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் அறவே கூடாது. திருவிழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு 12 வரை மாநில அரசு தளர்த்தலாம். இரவுத் தடையை மீறினால் டெசிபல் கணக்கே தேவையில்லை, கடிகாரம் போதும்.

அளவீட்டு அறிக்கையை எப்படிப் படிப்பது என்பதில் சென்னை வழக்கு ஒன்று பாடம். மெஜஸ்டிக் காலனி நலச்சங்கம் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி மீது புகார் செய்தது. 1996-இல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அந்த வட்டாரத்தில் அளந்த அறிக்கையோ வாகனச் சத்தத்தைக் காட்டியது. தேவாலயம் அதைப் பிடித்துக்கொண்டது. உயர் நீதிமன்றம் வாகனங்கள் மீதும் நடவடிக்கை எடு, ஒலிபெருக்கியையும் குறை என்றது. 2000 ஆகஸ்ட் 30-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மத உரிமை என்ற வாதமும் எடுபடவில்லை.

பின்னணிச் சத்தம் குற்றாலத்தில் இன்னும் சிக்கல். சீசனில் பேரருவிப் பக்கத்து விடுதியில் அளந்தால் மீட்டர் அருவியைத்தான் முதலில் கேட்கும். அருவி 70, பாட்டு 70 என்றால் மொத்தம் 140 அல்ல, 73. எனவே பாட்டு ஓடும்போது ஒருமுறை, நின்றபின் ஒருமுறை அதே இடத்தில் அளக்க வேண்டும். வித்தியாசம் 10-க்கு மேல் என்றால் பழியை அருவி மீது போட முடியாது.

பெட்டிக்கு முன்னால் ஆடும் பிள்ளைகளுக்கு ஆபத்து வேறு வகை. 85 டெசிபலில் 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனமான நியோஷின் வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலில் 15 நிமிடம்தான்.

புகாரைக் காவல் நிலையத்திலோ 100-இலோ சொல்லலாம். விதிப்படி நடவடிக்கை எடுக்க வேண்டியவர் ஆட்சியர் அல்லது டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி. மனுவில் நாள், நேரம், பெட்டி இருந்த இடம், ஜன்னலுக்கு வெளியே எடுத்த அளவு, ஓடியபோதும் நின்றபோதும் பதிந்த எண்கள் இருக்கட்டும். செல்போனில் அளந்த எண் சான்றாக நிற்காது. முறையான மீட்டரால் அளக்கக் கேட்பதற்கு அது முகாந்திரம். பொதுத் தொல்லையை அகற்ற பி.என்.எஸ்.எஸ். எனும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 152-ஆம் பிரிவின்படி கோட்டாட்சியரையும் அணுகலாம்.

கொடைக்கு முதல் நாளே மைக்செட்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பதும் நடக்கக்கூடியதுதான். பெட்டியைச் சுவர் மூலையிலிருந்து தள்ளி வைத்து, பேஸ் குமிழை மட்டும் இறக்கினால் வில்லுப்பாட்டின் சொல் கெடாது. அடுக்களைத் தட்டும் அடங்கும்.