தவளை விளக்கும் ஆமணக்கு நெய்யும்

உள்ளங்கையில் அடங்கும் சுடுமண் விளக்கு. மேற்புறத்தில் கால்களை மடக்கிக் குந்தியிருக்கும் தவளை. நடுவே எண்ணெய் வார்க்க ஒரு துளை, முன்னே குறுகிய மூக்கில் திரிக்கென மற்றொரு துளை. கி.பி. 3, 4ஆம் நூற்றாண்டுகளில் எகிப்தெங்கும் இவ்வகை விளக்குகள் எரிந்தன. நைல் வெள்ளம் வடிந்த சேற்றில் பெருகும் தவளையை மகப்பேற்றுத் தெய்வமாகிய எக்கெத்தின் வடிவமெனப் பண்டை எகிப்தியர் போற்றினர். அவர்தம் எழுத்தில் தலைப்பிரட்டையின் உரு 1,00,000 என்னும் எண்ணைக் குறித்தது. கிறித்துவம் தழுவிய எகிப்தியராகிய காப்டியர் அத்தெய்வத்தைத் துறந்தனர். தவளையைத் துறக்க மனம் வரவில்லை போலும். உயிர்த்தெழுதலைச் சொல்லும் கிரேக்கச் சொற்களையே சில விளக்குகளில் அதனோடு சேர்த்துப் பொறித்தனர்.

மேற்பாதிக்கு ஓர் அச்சு, கீழ்ப்பாதிக்கு ஓர் அச்சு. அவற்றில் அழுத்தியெடுத்த இரு பாதிகளையும் குழைமண் பூசி ஒட்டினர். நைல் வண்டலில் இரும்பு மிகுதி. ஆதலால் காற்றோட்டமுள்ள சூளையில் வெந்த விளக்கு செந்நிறம் கொண்டது.

எரிபொருளே இதில் சுவையான பகுதி. பண்டை எகிப்தில் ஒலிவ நெய் அரிது, ஆமணக்கு எளிது. ஆமணக்கு நெய் விளக்குக்கு ஏற்றதே, ஆயினும் அதன் நாற்றம் பொல்லாதது என்று கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டசு எழுதிவைத்தார். அந்நெய்யைக் காய்ச்சும் வீட்டருகே நின்றவர் அவரோடு வழக்காட மாட்டார். அதன் கொழுப்பமிலங்களில் பத்தில் ஒன்பது பங்கு இரிசினோலிக்கு அமிலம். அம்மூலக்கூற்றின் பன்னிரண்டாம் கரிம அணுவில் தொங்கும் ஐதராக்சில் தொகுதி, அண்டை மூலக்கூறுகளை ஐதரசன் பிணைப்பால் பற்றிக்கொள்கிறது. அதனால் ஆமணக்கு நெய்யின் பிசுக்குமை ஒலிவ நெய்யினுடையதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. திரியின் நுண்புழைகளில் அது தயங்கித் தயங்கியே ஏறும். மூக்கு குறுகியிருப்பது இங்கே துணையாகிறது: எண்ணெய் ஏறவேண்டிய தொலைவு சிறிது, சுடரின் வெம்மையும் அருகிலுள்ள நெய்யை இளக்கிவிடும்.

மெருகிடாத மண் எண்ணெயைக் குடிக்கும்; விளக்கு வைத்த மாடமும் கறைபடும். இல்லத்தார்க்குத் தொல்லையாயிருந்த அக்கசிவே இன்று ஆய்வாளர்க்குக் கைகொடுக்கிறது. தென் எகிப்தில் நூபியாப் பகுதியைச் சேர்ந்த கசுர் இப்ரீமில் கிடைத்த விளக்குகளின் ஓட்டுத் துளைகளில் ஊறியிருந்த எச்சத்தைக் கரைத்தெடுத்து, வளிம நிறச்சாரல் பிரிகையாலும் நிறைநிரலாலும் பகுத்தனர். ஆமணக்கு நெய் தென்பட்டது. முள்ளங்கி இனத்து விதையெண்ணெய் தென்பட்டது. சிலவற்றில் எரிந்தது விலங்குக் கொழுப்பு.