பேதி கொடுத்தவருக்கே பேதி!

"டாக்டர், லேசா வயித்து வலி..."

ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் அவர். மூன்று வாரமாக என்னிடம் வந்து இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நாடி பார்த்தேன். வயிற்றை அழுத்திப் பார்த்தேன். வலி இருப்பவராகத் தெரியவில்லை. மூன்றாவது முறை மருந்தை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனவர், மாட்டிய செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே வந்தார். மனைவி ஆட்டோவில் ஏறிவிட்டாரா என்று ஒரு முறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு, வினாத்தாள் ரகசியத்தைச் சொல்வதுபோல என் காதருகே குனிந்தார்.

"வெளிக்குப் போகையில ரத்தம் வருது டாக்டர். ரெண்டு மாசமா..."

"இதைச் சொல்லவா சார் மூணு வாரம்?"

"எப்படிச் சொல்றது? முப்பது வருஷம் பசங்களை மிரட்டினவன் நான்!"

கொலனோஸ்கோப்பி செய்து பார்த்துவிடலாம் என்றேன். பெருங்குடலுக்குள் கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பார்க்கும் பரிசோதனை என்று விளக்கினேன். மனிதர் முகம் வெளிறிவிட்டது.

"குழாயா? அது... எந்த வழியா டாக்டர்?"

"வேற எந்த வழி சார் இருக்கு? அந்த வழியாத்தான்!"

"வேண்டாம் டாக்டர். உங்க சூரணத்திலேயே பார்த்துக்கலாமே..."

"உட்காருங்க சார்" என்று சொல்லி, என் சொந்தக் கதையை எடுத்துவிட்டேன். அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

சிரிப்புக்குக் கிடைத்த தண்டனை

எங்கள் சித்த மருத்துவத்தில் பேதி என்பது சாதாரண விஷயம். நாலு மாதத்துக்கு ஒரு முறை பேதிக்குச் சாப்பிட வேண்டும் என்று தேரையரின் பிணியணுகா விதியே சொல்கிறது. கல்லூரியை விட்டு வந்த நாளிலிருந்து எத்தனையோ பேருக்குப் பேதி மருந்து கொடுத்திருக்கிறேன். "நாளைக்கு ஆபீசுக்கு லீவு போட்டுடுங்க" என்று சிரித்துக்கொண்டே கொடுப்பேன். அந்தச் சிரிப்புக்கு ஒரு நாள் நானே பதில் சொல்ல வேண்டி வந்தது!

சில வருடங்களுக்கு முன் எனக்கும் ரத்தம் போக ஆரம்பித்தது. 'மூலம்தான்' என்று நானே முடிவு கட்டினேன். துத்தி இலையும், கருணைக்கிழங்கு லேகியமுமாக நாலு மாதம் ஓடியது. நிற்பதுபோல நிற்கும், மறுபடி வரும். கடைசியில் என் மனைவிதான் கேட்டாள்.

"ஏங்க, வேற ஒருத்தர் வந்து இப்படிச் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

"டெஸ்ட் எடுக்கச் சொல்லுவேன்."

"அப்ப எழுந்திரிங்க. கிளம்பலாம்!"

பரிசோதனைக்கு முதல் நாள் ஒரு பாக்கெட் தூளைக் கொடுத்தார்கள். இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துவிட வேண்டுமாம். கடல் தண்ணீரில் எலுமிச்சை சர்பத் போட்ட மாதிரி ஒரு ருசி. முதல் டம்ளர் கம்பீரமாகப் போனது. நாலாவது டம்ளரில் கண் கலங்கியது. எங்கள் வீட்டில் இருப்பதோ ஒரே ஒரு கழிவறை. வெளியே நின்று மகன் குரல் கொடுத்தான்: "அப்பா, டோக்கன் சிஸ்டம் வெச்சுடலாமா?"

'நம்ம விளக்கெண்ணெய் போதாதா? இதெல்லாம் எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நானும் யோசித்தேன். போதாது! இந்தத் தூளில் உள்ள பாலி எத்திலீன் கிளைக்கால் என்ற பொருளைக் குடல் உறிஞ்சுவதில்லை. அது தண்ணீரைக் குடலிலேயே பிடித்துவைத்து, மொத்தமாகக் கழுவி இறக்கிவிடும். கடைசியில் மலம் தெளிந்த மஞ்சள் தண்ணீராகப் போக வேண்டும். கசடு கொஞ்சம் தங்கினாலும் சின்னக் கட்டிகள் கேமராவின் கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும்.

முதுகைக் காட்டாத வீரர்கள்

மறுநாள் மருத்துவமனையில் ஒரு அங்கி கொடுத்தார்கள். முன்பக்கம் கௌரவமாக மூடியிருக்கும். பின்பக்கம் இரண்டு நாடா மட்டும்! ஒரு கையால் பின்னால் பிடித்துக்கொண்டு வெளியே வந்தால், எதிரே அதே அங்கியில் என் பழைய நோயாளி ஒருவர். "டாக்டர், நீங்களுமா?" இருவரும் சுவரில் முதுகை ஒட்டவைத்துக்கொண்டு, அந்த வருட மழையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினோம்.

உள்ளே இடது பக்கமாக ஒருக்களித்து, முழங்காலை மடக்கிப் படுக்கச் சொன்னார்கள். தூக்கத்துக்கு ஊசி. அவ்வளவுதான் தெரியும்! விரல் பருமனுள்ள குழாய், சுமார் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்ததுகூடத் தெரியாமல் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது திரை போட்டுத் தடுத்த கட்டில்களின் வரிசை. குடலை விரித்துப் பார்ப்பதற்காக உள்ளே காற்றைச் செலுத்துவார்கள். அது வெளியேறியாக வேண்டுமே! "காத்து பிரிஞ்சாத்தான் வீட்டுக்கு. கூச்சப்படாதீங்க" என்று சிஸ்டர் அறிவித்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் அமைதி. பிறகு பக்கத்துத் திரையிலிருந்து ஒரு நாதசுரம். எதிர்த் திரையிலிருந்து பதில். "சபாஷ், கச்சேரி களைகட்டிடுச்சு!" என்றார் ஒரு பெரியவர். அறை முழுக்கச் சிரிப்பு.

அப்போதுதான் குடல்நோய் நிபுணர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "ஒரு பாலிப் இருந்தது சார். 12 மில்லிமீட்டர். எடுத்துட்டோம். பயாப்ஸிக்கு அனுப்பியிருக்கோம்."

என் சிரிப்பு நின்றது.

பாலிப் என்பது குடலின் உள்சுவரில் காளான்போல முளைக்கும் சிறு கட்டி. பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலானவை இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. எல்லாப் பாலிப்பும் புற்றாவதில்லை. ஆகும் வகை, ஆவதற்குப் பெரும்பாலும் பத்து வருடம் போல எடுத்துக்கொள்ளும். அதற்குள் பிடித்துவிட்டால் அதே குழாய் வழியாகவே அறுத்து எடுத்துவிடலாம். 1969-ல் நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா என்ற இரு மருத்துவர்கள் இதைச் செய்து காட்டினார்கள். எனக்கு வந்த ரிப்போர்ட்: 'அடினோமா. புற்று இல்லை.' அதாவது, புற்றாக மாறக்கூடிய வகை, இன்னும் மாறவில்லை.

அத்தை சொல்லாத சேதி

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்வதற்குக் காரணம் என் அத்தை.

எங்கள் வீட்டிலேயே வளர்ந்த அத்தைதான். இரண்டு வருடமாக ரத்தம் போயிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. மெலிந்து, சோகை பிடித்து, கட்டிலில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் நோய் கல்லீரலுக்குப் போய்விட்டது. "ஏன் அத்தை, டாக்டர் நான் வீட்டுலயே இருக்கேனே?" என்று கேட்டேன். "அதைப் போய் ஆம்பளைப் பையன்கிட்ட எப்படிடா சொல்றது?" என்றார். அடுத்த ஐந்தாவது மாதம் போய்விட்டார்.

அத்தை நோயால்தான் இறந்தார். ஆனால், நோய்க்கு அந்த இரண்டு வருடத்தைக் கொடுத்தது கூச்சம். கூச்சத்துக்கு என் மருந்துப் பெட்டியில் சூரணமோ லேகியமோ கிடையாது. சிரிப்பு ஒன்றுதான் இருக்கிறது.

சிரிப்பால் கட்டி கரையாது. ஆனால், வாய் திறக்கும். ஜப்பானில் அகிரா ஹோரியுச்சி என்ற மருத்துவர், உட்கார்ந்தபடி தனக்குத்தானே இந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டு, 2018-ல் 'இக் நோபல்' என்ற வேடிக்கைப் பரிசை வாங்கினார். ஹாலிவுட் நடிகர் ரயன் ரெனால்ட்ஸ், நண்பரிடம் பந்தயத்தில் தோற்றதற்காகக் கேமரா முன்னால் இதைச் செய்துகொண்டு, 2022-ல் அந்தப் படத்தை வெளியிட்டார். வேடிக்கையாகத் தொடங்கியதில் அவருக்கு ஒரு பாலிப் கண்டுபிடித்து எடுத்தார்கள்!

ஆனால் ஒன்று. சிரிப்பு நோயாளியிடமிருந்து தொடங்க வேண்டும். பயந்து போய் நிற்பவரிடம் வைத்தியரோ வீட்டுக்காரர்களோ கிண்டல் செய்தால் திறந்த வாயும் மூடிக்கொள்ளும். நம் கதையைச் சொல்லி நாம் சிரிக்கலாம். அவருடைய உடம்பைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது.

மறக்காதீர்கள்!

* மலத்தில் ரத்தம், கறுப்பு மலம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப்பழக்கம், காரணம் தெரியாத சோகை அல்லது எடைக்குறைவு: இவை இருந்தால் 'மூலம்தான்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். நான் கட்டியது போதும்!

* பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்று இருந்தால், தொந்தரவு இல்லாவிட்டாலும் 40 வயதிலோ, அவர்களுக்கு நோய் வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பாகவோ, எது முந்தியோ அப்போது மருத்துவரைக் கேளுங்கள்.

* சர்க்கரை மாத்திரை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை, இரும்புச்சத்து மாத்திரை, சித்த மருந்து எது சாப்பிட்டாலும் முன்பே சொல்லிவிடுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

* ஓரிரு நாள் முன்பிருந்தே கீரை, கொய்யா, விதையுள்ள காய்கள் வேண்டாம். கரைசலைக் குளிரவைத்துக் குடித்தால் எளிதாக இறங்கும்.

* துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். தூக்க மருந்து கொடுப்பதால் அன்று வண்டி ஓட்டக் கூடாது.

தலைமை ஆசிரியர் என்ன ஆனார் என்கிறீர்களா? கதையைக் கேட்டுவிட்டுப் போய்ப் பரிசோதித்துக்கொண்டார். ஆரம்ப நிலைப் புற்று. அறுவை சிகிச்சை முடிந்து, மூன்றாவது மாதம் நடந்தே என் வைத்தியசாலைக்கு வந்தார். இந்த முறை காதருகே குனியவில்லை. காத்திருந்த எல்லோருக்கும் கேட்கும்படி வகுப்பறைக் குரலில் சொன்னார்:

"டாக்டர், எனக்கு அந்த டெஸ்ட் பண்ணினவன் யார் தெரியுமா? என் பழைய ஸ்டூடண்ட்! எட்டாங்கிளாஸ்ல பெஞ்சு மேல ஏத்தி நிக்க வெச்சிருக்கேன். பய மறக்கலை. கணக்குத் தீர்த்துட்டான்!"

வரிசையே சிரித்தது. அவருடைய மனைவிதான் அதிகமாகச் சிரித்தார்.

அடுத்து உள்ளே வந்தது, மூட்டு வலிக்கென்று சீட்டு வாங்கியிருந்த ஒரு அம்மா. கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். "டாக்டர், மூட்டு வலி இருக்கட்டும்... அந்த வாத்தியார் சொன்னாரே, அது மாதிரி எனக்கும்..." என்று ஆரம்பித்தார்.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டேன்.