கிடங்கு வேலைக்குப் போகும் தம்பி தங்கைகளுக்கு

தைப்பிங்கில் மழைக்குப் பஞ்சமில்லை. கமுந்திங் பக்கம் கிடங்கு வேலைக்குப் போகும் எஸ்.பி.எம். முடித்த மாணவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது தரையைத்தான். நனைந்த காலணியோடு லோரியிலிருந்து சாமான் இறக்கினால், வழவழப்பான சிமெண்டில் கால் சறுக்கும்.

அதைவிட மோசமானது வேறொன்று. மேல் அடுக்குப் பெட்டியை எடுக்க, ஃபோர்க்லிஃப்ட் தூக்கிய வெறும் பேலட்டில் ஆளை ஏற்றுவது. "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்பார்கள். பிடிக்கக் கம்பி கிடையாது. வண்டி சற்றுக் குலுங்கினால் போதும். புதியவர் மறுக்கத் தயங்குவார்.

மறுக்கலாம். 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. உடனடி ஆபத்தை முதலாளி சரிசெய்யாவிட்டால், அங்கிருந்து விலகத் தொழிலாளிக்கு உரிமை உண்டு. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது.

விழுந்துவிட்டால்? தைலம் தேய்த்துப் படுத்துவிடுவது நம்மவர் வழக்கம். அது தவறு. பகுதிநேர ஊழியருக்கும் சொக்சோ உண்டு. முதலாளி 48 மணி நேரத்திற்குள் விபத்தைத் தெரிவிக்க வேண்டும். மருத்துவ விடுப்பு குறைந்தது 4 நாளாவது இருந்தால், சராசரி தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். கிளினிக்கில் "வேலை செய்யும்போது விழுந்தேன்" என்றே சொல்லுங்கள்; எம்.சி. சீட்டைப் படம் எடுத்து வையுங்கள்.