கோல்ஃப் பையில் எது முதலில் தேய்கிறது?

நந்தனம் சிக்னலில் பஸ்ஸுக்குள் நின்று வேர்த்துக்கொண்டிருக்கும் பலருக்கு, அண்ணா சாலையை ஒட்டியே 18 குழிகள் கொண்ட கோல்ஃப் மைதானம் ஒன்று இருப்பது தெரியாது. 1873-இல் தொடங்கிய காஸ்மோபாலிட்டன் கிளப்பின் மைதானம் அது. இப்போது தமிழ்நாடு கோல்ஃப் சம்மேளனத்தின் பெயரும் சேர்ந்து ‘டிஎன்ஜிஎஃப் காஸ்மோ’ என்று வழங்குகிறது. இன்னும் கொஞ்சம் தெற்கே, கிண்டியில் குதிரைகள் ஓடும் பாதைக்கு நடுவிலேயே மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் மைதானம் அமைந்தது. (2024 செப்டம்பரில் ரேஸ் கிளப்பின் குத்தகையை ரத்து செய்து அரசு நிலத்தைக் கையில் எடுத்ததும், விவகாரம் நீதிமன்றம் ஏறியதும் தனிக் கதை.)

அடையாறு, மயிலாப்பூர், தி.நகர் பக்கமிருந்து விடியுமுன் பையோடு கிளம்பும் ஆட்டக்காரர்களை விடாமல் துரத்தும் கேள்வி ஒன்று உண்டு. செட்டை எப்போது மாற்றுவது? நிறுவனங்கள் ஆண்டுதோறும் புது மாடல் இறக்குகின்றன. ஒவ்வொன்றும் போன வருஷத்ததைவிடத் தூரம் போகும் என்கிறார்கள். எல்லா விளம்பரத்தையும் கூட்டிப் பார்த்தால், இந்நேரம் நந்தனத்தில் அடித்த பந்து தாம்பரத்தில் விழுந்திருக்க வேண்டும்.

‘செட்’ என்று மொத்தமாகப் பேசுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. ஒரு பையில் அதிகபட்சம் 14 மட்டைகள் இருக்கலாம். அமெரிக்கச் சங்கம் 1938-இலும், பிரிட்டனின் ஆர் அண்ட் ஏ அடுத்த ஆண்டிலும் கொண்டுவந்த வரம்பு இது. அந்த 14-உம் ஒரே வேகத்தில் கிழடாவதில்லை. ஒரே மட்டையிலும் பிடி ஒரு கணக்கில் தேயும், தண்டு ஒரு கணக்கில், தலை வேறு கணக்கில். மிருதங்க வித்வான் தாத்தா காலத்துக் கட்டையை வைத்துக்கொண்டு தோலை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பார் அல்லவா, அந்தக் கணக்குதான் இங்கேயும்.

முதலில் போவது பிடி, அதாவது கிரிப். பெரும்பாலும் ரப்பர். வெயில், காற்று, கையின் எண்ணெய்ப் பசை, வேர்வை எல்லாம் சேர்ந்து ரப்பரை இறுகவைத்து வழவழப்பாக்கிவிடும். குளிர் நாட்டில் ஆடுகிறவருக்கு இரண்டு மூன்று வருஷம் தாங்கும் பிடி, நம் ஊர் ஈரப்பதத்தில் அத்தனை நாள் தாங்காது. வாரம் ஒரு ரவுண்டாவது ஆடுகிறவர் வருஷத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுவது நல்லது. பிடி வழுக்கினால் நம்மை அறியாமலே விரல்கள் இறுகும், மணிக்கட்டு விறைக்கும், வீச்சு சுருங்கும். அப்புறம், தூர அடிக்கென்று வைத்திருக்கும் டிரைவர் மட்டை சரியில்லை என்று புது டிரைவர் வாங்கப் போவோம்!

மாற்றும் வேலையை ஒரு முறை பக்கத்தில் நின்று பாருங்கள். வளைந்த கத்தியால் பழைய பிடியை நீளவாக்கில் கீறி வாழைப்பூ மடலை உரிப்பதைப்போல் உரிக்கிறார்கள். உள்ளே பழைய டேப் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். அதைச் சுரண்டி எடுத்து, இரு பக்கமும் பசையுள்ள புது டேப்பைத் தண்டில் சுற்றுகிறார்கள். புதுப் பிடியின் மேல்நுனியில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதை விரலால் அடைத்துக்கொண்டு உள்ளே மினரல் டர்பென்டைன் ஊற்றிக் குலுக்கி, அதையே டேப்பின் மேலும் வழியவிடுகிறார்கள். டேப்பின் பசை இப்போது சோப்பு நீர்போல வழுக்கும். தயங்கினால் பாதியில் நின்றுவிடும்; ஒரே மூச்சில் பிடியை உள்ளே தள்ளி, கோடு நேராக இருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துத் திருப்பி வைக்கிறார்கள். ஒரு ராத்திரி காயவிட்டால் போதும். 14 மட்டைக்கும் பிடி மாற்ற ஆகும் செலவு ஒரு புது டிரைவரின் விலையில் சிறு பங்குதான்.

அடுத்தது வெட்ஜ். மணல் பள்ளத்திலிருந்தும், குழி இருக்கும் கிரீனுக்குப் பக்கத்துப் புல்லிலிருந்தும் பந்தை மேலே எழுப்புகிற, முகம் நன்றாகச் சாய்ந்த மட்டை. அதன் முகத்தில் இருக்கும் குறுக்குக் கோடுகள் பந்தைப் பிறாண்டிச் சுழலவைக்கின்றன என்று பலர் நினைக்கிறார்கள். அவற்றின் முக்கிய வேலை வடிகால் வேலை. பந்துக்கும் உலோகத்துக்கும் இடையே நசுங்கும் புல்சாறு, பனித்துளி, மண் எல்லாம் அந்தப் பள்ளங்களுக்குள் ஒதுங்கினால்தான் உலோகம் பந்தைப் பற்றும். பள்ளம் தேய்ந்துவிட்டால் காய்ந்த தரையில் வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு ஈரப் புல்லில் ஆடும்போதுதான் பந்து சுழலாமல் நழுவி, கிரீனில் விழுந்து நிற்காமல் ஓடும்.

வெட்ஜைத் தேய்ப்பதில் மணலுக்கு நிகர் எதுவும் இல்லை. ஆகவே மணல் பள்ளத்தில் மணிக்கணக்கில் பயிற்சி செய்கிறவரின் வெட்ஜ் சீக்கிரம் மொண்ணையாகும். சோதிப்பது எளிது. விரல் நகத்தைக் கோடுகளின் குறுக்கே இழுங்கள். முகத்தின் நுனிப் பக்கம், பந்து படாத இடத்தில், நகம் ஒவ்வொரு கோட்டிலும் சிக்கும். நடுவில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போனால் மாற்றவேண்டியதுதான். அதற்கு முன் ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் பாத்திரம் கழுவும் சோப்பும் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். தேய்மானம் என்று நினைத்தது பாதி நேரம் அழுக்காக இருக்கும்.

அயர்ன்கள், அதாவது நடுத்தரத் தூரத்துக்கான எண் போட்ட உலோக மட்டைகள், நீண்ட ஆயுள்காரர்கள். துருவை மட்டும் கவனித்துக்கொண்டால் பத்து வருஷம் தாராளமாக வரும். பெசன்ட் நகர் போலக் கடல் காற்று வீசும் இடத்தில் இருப்பவர்கள் ஈரத்தோடு பையில் சொருகாமல் துடைத்து வைப்பது அவசியம்.

புது அயர்ன் வாங்கியவர், “பழைய ஏழாம் நம்பரைவிட இது பதினைந்து கெஜம் கூடப் போகுது சார்” என்றால் முழுசாக நம்பிவிடாதீர்கள். ஒரு தலைமுறைக்கு முன் ஏழாம் நம்பர் அயர்னின் முகச் சாய்வு ஏறத்தாழ 35, 36 டிகிரி. இன்று தூரத்துக்கென்றே செய்யும் மாடல்களில் அது 30-க்கும் கீழே வந்துவிட்டது. அதாவது அந்தக் கால ஐந்தாம் நம்பரின் சாய்வில் ‘7’ என்று பொறித்து விற்கிறார்கள். எடையைக் கீழே இறக்கிப் பந்து உயரம் எழும்படி செய்திருக்கிறார்கள், அது மெய்யான முன்னேற்றம். ஆனால் கூடிய தூரத்தில் பெரும்பங்கு அந்த எண்ணின் வேலை.

இனி டிரைவர். பணம் அதிகம் கரைவதும் இதில்தான். ஒரு காலத்தில் மாடலை மாற்றியதற்கு மெய்யாகவே பலன் கிடைத்தது. ஹிக்கரி மரத் தண்டு போய் எஃகுத் தண்டை ஆர் அண்ட் ஏ அனுமதித்தது 1929-இல். மரத் தலைக்குப் பதில் உலோகத் தலையை டெய்லர்மேட் 1979-இல் கொண்டுவந்தது. 1991-இல் காலவேயின் ‘பிக் பெர்த்தா’, சில ஆண்டுகளில் டைட்டானியம். தலை பெரிதானது, முகம் மெலிந்தது. மெல்லிய முகம் பந்து பட்டதும் உள்வாங்கி, உடனே திமிறி வெளியே வரும். அதனால் பந்து நசுங்கி வீணாகும் சக்தி குறைகிறது. அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் சராசரி டிரைவர் தூரம் 1993-இல் சுமார் 260 கெஜம். 2003-இல் சுமார் 286. பந்தும் மாறியது, ஆட்டக்காரர் உடம்பும் மாறியது என்றாலும் பத்து வருஷத்தில் இது பெரிய பாய்ச்சல்.

அதோடு விதி குறுக்கே வந்தது. தலையின் கொள்ளளவு 460 கன செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. முகம் எவ்வளவு திமிறலாம் என்பதற்கும் வரம்பு: சின்ன ஊசல் குண்டு ஒன்றை முகத்தில் மோதவிட்டு, அது தொட்டுக்கொண்டிருக்கும் நேரத்தை அளக்கிறார்கள். சலுகையையும் சேர்த்து 257 மைக்ரோ வினாடி வரைதான் அனுமதி. முன்னணி நிறுவனங்கள் அந்த விளிம்புக்கு எப்போதோ வந்துவிட்டன. முகத்தின் நடுவில் பட்ட அடிக்குப் புது மாடல் கூடுதலாகத் தர அதிகம் மிச்சமில்லை. ஓரத்தில் பட்ட அடியை மன்னிப்பதில் முன்னேற்றம் தொடர்கிறது. ஐந்தாறு வருஷத்துக்கு ஒரு முறை மாற்றினால் அது தெரியும், வருஷா வருஷம் மாற்றினால் தெரியாது.

டிரைவர் பழசானால் சோர்ந்துபோகும் என்ற நம்பிக்கையும் தலைகீழ். வேகமாக அடிக்கிறவர் கையில் முகம் மெல்ல மெல்ல இன்னும் துள்ளலாகி, ஒரு நாள் விரிசல் விடும். 2025 மே மாதம் பிஜிஏ சாம்பியன்ஷிப்பில் முன்னணி ஆட்டக்காரர் ரோரி மெக்கில்ராயின் டிரைவர் இந்தத் துள்ளல் சோதனையில் தேறவில்லை என்ற செய்தி வெளியானது. தன்னுடையதும் அதே வாரம் தேறவில்லை, வேறு டிரைவரை எடுத்து ஆடினேன் என்றார் ஸ்காட்டி ஷெஃப்லர். கோப்பை அவருக்குத்தான். நம்மைப் போல நிதானமாக அடிப்பவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

உண்மையில் மாற்ற வேண்டிய நேரத்தைப் பல சமயம் நம் உடம்புதான் சொல்லும். நாற்பது வயதில் வாங்கிய விறைப்பான தண்டை அறுபதில் வளைக்கும் வேகம் கையில் இருக்காது. பந்து தாழ்வாகப் போய் வலப்பக்கம் விழும். இலகுவான, வளையும் தண்டுக்கு மாறினால் பலன் உடனே தெரியும். அமெரிக்காவிலிருந்து மாமா கொண்டுவந்த செட்டும் அப்படித்தான். ஆறடி மாமாவுக்கு அளந்த தண்டு மருமகனுக்குப் பொருந்தாது.

கிரீனில் பந்தைக் குழிக்குள் உருட்டும் பட்டரை மாற்றவே வேண்டாம். டைகர் உட்ஸ் தன் 15 பெரிய பட்டங்களில் 14-ஐ ஒரே ஸ்காட்டி கேமரான் பட்டரை வைத்து வென்றார்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தலையும் தண்டும் சேரும் இடத்தில் ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் வளையம் இருக்கும். தலையைத் தண்டோடு பிடித்துவைத்திருப்பது உள்ளே இருக்கும் எபாக்ஸி பசை. கத்திரி வெயிலில் நாள் முழுக்கக் கார் டிக்கிக்குள் கிடந்தால் அது இளகும். அந்த வளையம் மேலேறி, தலைக்கும் அதற்கும் நடுவே நகம் நுழையும் இடைவெளி தெரிந்தாலோ, ஆட்டினால் கடகடவென்றாலோ, அந்த மட்டையால் இன்னொரு அடி அடிக்காமல் பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். தலை கழன்று பறந்தால் முதலில் அடிபடக்கூடியவர், பக்கத்தில் பையோடு நிற்கும் கேடி.